ஒரு பச்சை மிச்சம்

ரம்பம் என்றால் எங்கள் பேச்சில்
விடாமல் பேசிக் கழுத்தறுக்கிறவன்.
கான்ட்ராக்டர் தை மாதம் வாங்கித் தந்தது
அந்த ஜாதி இல்லை.
கயிறு இழுக்க வேண்டாம், புகை கிடையாது,
விரலை எடுத்தால் ஊமை.
முதுகில் நான்கு பச்சைப் புள்ளி.
அதைப் பார்த்துத்தான் அதன் பசியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காக்ஸ் டவுனில் மழை முக்கால் மணி நேரம்தான்.
தூங்குமூஞ்சி மரம் ஒன்று
ஒரு வெள்ளைக் காரையும் மூன்று கரண்ட் கம்பியையும்
துணைக்கு இழுத்துக்கொண்டு படுத்துவிட்டது.
ஆறரைக்கு நாங்கள் போய் இறங்கியபோது
தெரு முழுக்க இருட்டிக்கொண்டு வந்தது.
விழுந்த மரம்
வழக்கம்போல் இலைகளை மூடிக்கொண்டிருந்தது.
விழுந்த சேதி
அதுவரை போய்ச் சேரவில்லை போல.

லைன்மேன் நேரில் வந்து
கம்பியில் உயிரில்லை என்று சொன்ன பிறகே கை வைத்தோம்.
மாதையன் முட்டுக் கொடுத்தான்.
அடியில் இரண்டு விரற்கடை அறுத்துவிட்டு
மேலிருந்து இறங்கினேன்.
எடுத்தவுடன் மேலே தொடங்கினால்
மரம் வாளைக் கவ்விக்கொள்ளும்,
வட்டிக்காரன் கையைப் பிடித்த மாதிரி.

முதல் பேட்டரி நான்கு கிளைக்கு வந்தது.
இரண்டாவதை ஈர மரம் உறிஞ்சி உறிஞ்சி
கார்க்கூரைக்கு நேர் மேலே
பாதி வெட்டில் நிறுத்தியது.

சார்ஜர் இருக்கிறது.
சொருகத்தான் இடமில்லை.
மரத்தை எடுத்தால் கரண்ட் வரும்.
கரண்ட் வந்தால் மரத்தை எடுக்கலாம்.
மாதையன் சிரித்தான், நானும்.
"பெட்ரோல் மிஷின் இல்வா?" என்ற கார்க்காரர்
சிரிக்கவில்லை.

எதிர்வீட்டு மாடியிலிருந்து பிலோமினா டீச்சர் கேட்டார்:
"அது எவ்வளவு நேரம் குடிக்கும்?"
முக்கால் மணி கொடுத்தால் இரண்டு புள்ளி ஏறும் என்றேன்.
அவர் வீட்டு இன்வெர்ட்டரில்
ஒரு லைட்டும் மீன்தொட்டியும் ஓடிக்கொண்டிருந்தன.
லைட்டை அணைத்தார்.
மீன்தொட்டியை யோசித்தார், விட்டுவிட்டார்.

அதன் நீல வெளிச்சத்தில்
மரத்தூள் ஒட்டிய பேன்ட்டோடு
படியில் உட்கார்ந்திருந்தோம்.
டீச்சர் பிஸ்கட் கொடுத்தார்.
மூன்று வருஷம் முன்னால்
இந்த மரத்தை வெட்டக்கூடாது என்று
நாற்பது வீட்டில் கையெழுத்து வாங்கினாராம்.
"அன்றைக்கு மிஷின் சத்தம் கேட்டுத்தான்
குளித்த தலையோடு ஓடி வந்தேன்.
உங்களுடையது எனக்குக் கேட்கவே இல்லையே."

அதற்கு நான் என்ன சொல்ல.
பிஸ்கட்டைத் தின்றேன்.
சார்ஜரில் சிவப்பு
மெதுவாக மினுக்கிக்கொண்டிருந்தது.

பதினொரு மணிக்கு நவாஸ் வண்டியோடு வந்தான்.
பிரியாணி அடுப்புக்கு ஒன்றரை அடித் துண்டு,
ஒரு சாண் நீளம் கூடினாலும் திருப்பி அனுப்புவான்.
நகத்தால் பட்டையைக் கீறி முகர்ந்தான்.
"பச்சை. ஆறு மாசம் காய வைக்கணும். பாதி விலை."
"தூங்குமூஞ்சி நின்னு எரியாது" என்றும் சேர்த்துக்கொண்டான்.
மாதையன் பேரம் பேசினான்.
அன்று கழுத்தை அறுத்தவர்கள் அவர்கள் இருவர்தான்.

காரை விடுவிக்கும்போது இரண்டு மணி.
முதுகில் ஒரு பச்சை மிச்சம்.
டீச்சர் வாசலுக்கு நேரே
இன்னும் ஒரு கிளை கிடந்தது.
இறங்கி வந்து பக்கத்தில் நின்று,
"போடுங்கள், கேட்கிறேன்" என்றார்.
தள்ளி நிற்கச் சொன்னேன், கண்ணாடி கொடுத்தேன்.
அழுத்தினேன்.
தையல் மிஷின் போல ஒரு சத்தம்,
பிறகு கிளை தரையில் விழுந்த சத்தம்.
தலையசைத்துவிட்டு உள்ளே போனார்.
சங்கிலி எண்ணெய் படியில் சொட்டியிருந்ததை
நான் செருப்பால் தேய்த்தேன், போகவில்லை.

நான்கரைக்குத் தெருவுக்குக் கரண்ட் வந்தது.
எல்லா ஜன்னலும் விழித்தன, ஒன்றைத் தவிர.

நவாஸுக்குத் தடி போக மிச்சக் கிளைகள் எங்கள் லாரியில்.
பானஸ்வாடி சிக்னலில் விடிந்துவிட்டது.
மாதையன் வாய் பிளந்து தூங்கினான்.
பேட்டரியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன்:
மேலாகக் கிடந்த ஒரு கொப்பில்
இலைகள் ஒவ்வொன்றாகத்
திறந்துகொண்டிருந்தன.